மேடைப் பேச்சு, பேச்சு நடை, பேச்சுச் செயல்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் பேசப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பியூசி (பிளஸ் ஒன், பிளஸ் டூ) படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், மகள் கல்யாண வரவேற்பில் நாலு வார்த்தை பேச ஆசைப்படும் அப்பாக்கள், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கும் அக்காக்கள் எல்லோரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேச்சில் எத்தனை வகை?

நோக்கத்தை வைத்துப் பிரித்தால் நான்கு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும்: தகவல் தரும் பேச்சு, ஒருவரை இணங்க வைக்கும் பேச்சு, மகிழ்விக்கும் பேச்சு, ஒரு நிகழ்ச்சிக்காகப் பேசும் பேச்சு.

ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். நம்ம மெட்ரோவையே எடுத்துக்கொள்வோம். பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை முதல் பாதை 2011 அக்டோபர் 20-இல் திறந்தது, அல்சூர் நிலையமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது என்று சொன்னால் அது தகவல். "பைக்கை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள்" என்று காரணம் காட்டிப் பேசினால் இணங்க வைக்கும் பேச்சு. பாட்டியை முதல் முறை எஸ்கலேட்டரில் ஏற்றிய கதையைச் சொன்னால் மகிழ்விக்கும் பேச்சு. புதிய நிலையத்தின் திறப்பு விழாவில் பேசினால் நிகழ்ச்சிப் பேச்சு.

ஒரே பேச்சில் நான்கும் கலந்து வரலாம், தவறில்லை. ஆனால் எது தலைமை தாங்குகிறது என்பது பேசுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "முடிக்கும்போது கேட்டவர்கள் என்ன செய்ய வேண்டும், அல்லது என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?" என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் முதலில் கேட்பேன். பதில் ஒரு வாக்கியத்தில் வரவில்லை என்றால் பேச்சு இன்னும் தயாராகவில்லை.

அழைப்பிதழில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று போடுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் நம் விழாக்கள் இரவு பத்து மணி வரை இழுக்கின்றன.

வரவேற்புரையின் வேலை வந்தவர்களை அவையோடு சேர்ப்பது. பெயரைச் சரியாகச் சொல்லி, அவர் ஏன் இந்த மேடைக்கு உரியவர் என்று ஒரு வரி சொன்னால் போதும். நோக்கவுரை எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று சொல்வது. தலைமையுரை கூட்டத்துக்கு ஒரு திசை காட்டுவது. சிறப்புரைதான் அன்றைய சாப்பாடு, நேரம் அதற்கு இருக்க வேண்டும். வாழ்த்துரையில் வாழ்த்தப்படுபவரைப் பற்றிப் பேச வேண்டும், பேசுகிறவரைப் பற்றி இல்லை. ஏற்புரை என்பது பாராட்டைப் பெற்றவர் அதை ஏற்றுக்கொண்டு சொல்லும் பதில். நன்றியுரையில் மைக் செட்காரரையும் சாப்பாடு பரிமாறியவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் பெயர் அன்று மேடையில் ஒலிக்கும் ஒரே தருணம் அதுதான்.

பட்டிமன்றம், வழக்காடு மன்றம், கவியரங்கம், உபன்யாசம் எல்லாம் தனி மரபுகள். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. ஆனால் ஒருவர் நின்று உரைநடையில் தொடர்ந்து பேச, ஊர் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் அவ்வளவு பழையது இல்லை. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தொடங்கிய பிரசங்கத்தை அதன் பெரிய தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள்.

எழுதி வைத்துப் படிக்கலாமா, மனப்பாடம் செய்யலாமா?

பேச்சை வழங்கும் முறையும் நான்கு. எழுதியதைப் படிப்பது, மனப்பாடமாக ஒப்பிப்பது, குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசுவது, தயாரிப்பே இல்லாமல் உடனடியாகப் பேசுவது.

ஆண்டறிக்கை, தீர்மானம் போன்றவற்றை எழுதிப் படிப்பதுதான் சரி. ஒரு சொல் மாறினாலும் சிக்கல் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் நான் குறிப்பு வைத்துப் பேசும் முறையைத்தான் சொல்வேன். தொடக்க வாக்கியத்தையும் முடிவு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் ஐந்தாறு சொற்கள் ஒரு சீட்டில் இருந்தால் போதும்.

மனப்பாடத்தின் ஆபத்தை நேரில் பார்த்திருக்கிறேன். பியூசி படிக்கும் பெண் ஒருத்தி பெண் கல்வி பற்றி ஐந்து நிமிடப் பேச்சு மனப்பாடம் செய்து வந்திருந்தாள். இரண்டாவது நிமிடத்தில் "ஆகையினால்" என்ற சொல்லுக்குப் பிறகு நின்றுவிட்டாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். பிறகு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அதே "ஆகையினால்" வந்தது, அங்கேயே நின்றாள். சீட்டை வாங்கி வைத்துவிட்டு, "உங்க வீட்டில் முதன்முதலில் காலேஜ் போனது யார்மா?" என்று கேட்டேன். "நான்தான்" என்றாள். "உன்னை அனுப்ப யார் ஒத்துக்கிட்டாங்க?" என்று கேட்டதும் பாட்டியைப் பற்றி ஆரம்பித்தாள். மர்பி டவுனில் பூக்கடை, காலையில் மூன்று மணிக்கு எழுந்து கே.ஆர். மார்க்கெட் போவது, முதல் ஃபீஸுக்குப் பூ விற்ற சில்லறையைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தது. நான்கு நிமிடம் பேசினாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. போட்டியில் அதைத்தான் பேசினாள்.

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28-இல் வாஷிங்டனில் பேசியபோது கையில் எழுதிய உரை இருந்தது. உலகம் இன்று நினைவில் வைத்திருக்கும் "கனவு" பகுதியை அவர் உரையை விட்டு விலகித்தான் பேசினார். அதே கருத்தை அதற்கு முன் வேறு ஊர்களிலும் பேசியிருந்தார். உள்ளே ஊறிக் கிடந்தது மேடையில் வந்தது. தயாரிப்பு என்று நான் சொல்வது இந்த ஊறலைத்தான்.

திடீரென்று மேடைக்குக் கூப்பிட்டுவிட்டால்?

மூன்றே படி. எந்த உறவில் இங்கே நிற்கிறேன், நான் கண்ட ஒரு சம்பவம், வாழ்த்து அல்லது நன்றி. ஒன்றரை நிமிடத்தில் இறங்கிவிடுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப் பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கூட்டங்களில் தலைப்பை அந்த இடத்திலேயே கொடுத்து ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். நல்ல பயிற்சி, போய்ப் பாருங்கள்.

பேச்சு நடை என்றால் என்ன?

ஒரே ஆள் ஒரே நாளில் ஐந்து விதமாகப் பேசுகிறார். அமெரிக்க மொழியியலாளர் மார்ட்டின் ஜூஸ் 1960-களின் தொடக்கத்தில் இதைத்தான் ஐந்து நடைகளாகப் பிரித்தார்.

உறைந்த நடையில் ஒரு சொல்லும் மாறாது. கோயில் மந்திரம், தேசிய கீதம், பதவிப் பிரமாணம் எல்லாம் அது. முறையான நடையில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். மேடைப் பேச்சு, செய்தி வாசிப்பு இரண்டும் அந்த வகை. ஆலோசனை நடை டாக்டரிடமும் மேனேஜரிடமும் பேசுவது. அங்கே எதிராளி "ம்", "சரி", "அப்புறம்?" என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் பேச்சு நகரும். தோழமை நடை டீக்கடையில் "என்ன மச்சா" என்று தொடங்குவது. நெருக்க நடை வீட்டுக்குள், கணவன் மனைவிக்குள். பாதி வாக்கியம் போதும், சில சமயம் பார்வையே போதும்.

சிக்கல் நடையில் இல்லை, நடை மாறும் இடத்தில்தான் வருகிறது. வேலைக்கான இன்டர்வியூவில் தோழமை நடை, வீட்டில் மனைவியிடம் முறையான நடை என்று மாறிப்போனால் சொல்லின் பொருள் சரியாக இருந்தாலும் கேட்பவர் மனசு சுருங்கிவிடும்.

உறைந்த நடை எவ்வளவு கெட்டியானது என்பதற்கு ஓர் உதாரணம். 2009 ஜனவரி 20-இல் பராக் ஒபாமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்த தலைமை நீதிபதி ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். பொருள் கெடவில்லை. இருந்தாலும் மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடியும் பிரமாணம் செய்தார்கள்.

நான் பேசுவது கன்னடம் கலந்த பெங்களூர்த் தமிழ். மேடையில் செந்தமிழில்தான் பேச வேண்டுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு என்பது உங்கள் குறை இல்லை. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி எழுதினார். அதன் பிறகு மொழியியலாளர்கள் இந்த நிலைமைக்குத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் மொழிகளில் தமிழும் ஒன்று. சென்னையில் பிறந்தவருக்கும் மதுரைக்காரருக்கும் இதே இரண்டு தமிழ்தான். நமக்குப் பக்கத்தில் கன்னடமும் இருக்கிறது, அவ்வளவுதான். சிவாஜிநகரில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பத்தின் தமிழில் கன்னடச் சொல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் சொல்வது இது: தொடக்க விளிப்பையும் முடிவையும் எழுத்துத் தமிழில் வையுங்கள். சம்பவம் சொல்லும்போது வாய்க்கு வரும் தமிழில் சொல்லுங்கள். ஒருவர் பேசியதை எடுத்துச் சொல்லும்போது அவர் எப்படிப் பேசினாரோ அப்படியே, கன்னடம் என்றால் கன்னடத்திலேயே சொல்லுங்கள். ல, ள, ழ மட்டும் தெளிவாக இருக்கட்டும். அதைக் கேட்பவர்கள் கவனிக்கிறார்கள்.

ஆளுக்குத் தகுந்தபடி சொல்லை மாற்றுவது நடிப்பு இல்லையா?

தொல்காப்பியமே அதைச் சொல்கிறது. ஒன்றைக் கேட்டுப் பெற "ஈ", "தா", "கொடு" என்று மூன்று சொல் உண்டு. தாழ்ந்தவர் "ஈ" என்பார், ஒத்தவர் "தா" என்பார், உயர்ந்தவர் "கொடு" என்பார் என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. உயர்வு தாழ்வை நாம் இன்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கும் சொல்லிலேயே உறவு தெரியும் என்பது அப்படியே நிற்கிறது. "அண்ணா, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்பதில் "அண்ணா", "கொஞ்சம்", "ங்க" மூன்றும் மரியாதைக்காகத்தான் நிற்கின்றன. தண்ணீர் குறைவாக வேண்டும் என்பதற்காக யாரும் அந்தக் "கொஞ்சம்" சொல்வதில்லை. பெங்களூர் முழுக்கக் கேட்கும் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) என்பதில் உள்ள "ஸ்வல்ப" செய்வதும் இதே வேலைதான்.

பேச்சுச் செயல் என்று ஒன்று சொல்கிறீர்களே, அது என்ன?

சொல்வதே ஒரு செயல் என்பதுதான். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் இதைப் பற்றித் தொடர் உரை நிகழ்த்தினார். அவர் 1960-இல் இறந்தார், உரைகள் 1962-இல் நூலாக வந்தன. "மன்னிப்புக் கேட்கிறேன்", "பந்தயம் கட்டுகிறேன்" என்பவை எதையும் வருணிக்கவில்லை. சொன்னதும் காரியம் நடந்துவிடுகிறது.

அவர் மூன்று அடுக்குகளைக் காட்டினார். வீட்டு ஓனர் மாசம் இரண்டாம் தேதி வாசலில் நின்று, "நேத்து ஒண்ணாம் தேதி" என்கிறார். வெளியே கேட்பது ஒரு தேதி, அது முதல் அடுக்கு. அந்தச் சொல்லால் அவர் செய்வது வாடகை கேட்பது, அது இரண்டாவது. கேட்டவர் "சாயங்காலம் ஜிபே பண்ணிடுறேன் சார்" என்று பதறுவது மூன்றாவது, அதாவது விளைவு. இரண்டாவது அடுக்கு பேசுகிறவர் கையில் இருக்கிறது. மூன்றாவது அவர் கையில் இல்லை. கிண்டலாகச் சொன்னது ஒருவரைப் புண்படுத்திவிட்டால், "நான் அந்த அர்த்தத்தில் சொல்லலை" என்று நாம் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நின்றுகொண்டுதான்.

பேச்சுச் செயல்களில் வகை உண்டா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் 1970-களில் ஐந்தாகப் பிரித்தார். ஒன்றை உண்மை என்று சொல்வது, ஒருவரைச் செய்ய வைப்பது, தான் செய்வதாக வாக்குக் கொடுப்பது, மனதில் உள்ளதை வெளிப்படுத்துவது, சொல்லாலேயே நிலைமையை மாற்றுவது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது போதும்.

சொன்னாலே நடந்துவிடுமா?

உரிய ஆள், உரிய இடம், உரிய முறை, உண்மையான எண்ணம் எல்லாம் வேண்டும். இதற்கு அல்சூர்க்காரர்களான நமக்கு ஏரிப் பக்கமே சாட்சி இருக்கிறது. திருவள்ளுவர் சிலை 1991-இலேயே வந்துவிட்டது. ஆனால் திறக்க முடியாமல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. கல்லும் இருந்தது, பீடமும் இருந்தது, இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இணக்கம்தான் இல்லை. 2009 ஆகஸ்ட் 9-இல் கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. வழியில் போகும் ஒருவர் அந்தத் துணியை விலக்கி, "திறந்து வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அது திறப்பு விழா ஆகியிருக்காது. சொல் அதே சொல்தான், சொல்லும் தகுதியும் சூழலும் வேறு.

இதெல்லாம் மேல்நாட்டுக்காரர்கள் சொன்னதுதானா? தமிழ் இலக்கணத்தில் இல்லையா?

இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிட்டோம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா.

கடைசி மூன்றையும் கவனியுங்கள். அல்சூர் பஜாரில் "துவரம்பருப்பு இருக்கா?" என்று கேட்பது வாங்குவதற்கு, அது கொளல்வினா. டிசம்பர் குளிரில் நடுங்கும் பிள்ளையைப் பார்த்து "ஸ்வெட்டர் இல்லையாப்பா?" என்று கேட்பது கொடுப்பதற்கு, அது கொடைவினா. "ஹோம்வொர்க் எழுதிட்டியா?" என்று அம்மா கேட்டால் அது "போய் எழுது" என்ற கட்டளை, ஏவல்வினா. மூன்றுமே உருவத்தில் கேள்வி, செயலில் வேறு. ஆஸ்டினும் சேர்லும் பேசிய விஷயத்தின் வாசலில் நன்னூல் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நிற்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

விடையையும் எட்டாகப் பிரிக்கிறது. "நாளைக்கு ஹோசூர் வர்றியா?" என்று கேட்டால், "வர்றேன்" என்பது நேர் விடை. "வரல" என்பது மறை. "நீயே போயிட்டு வா" என்றால் ஏவல். "வராம இருப்பேனா?" என்று திருப்பிக் கேட்டால் வினா எதிர் வினாதல். "கால் சுளுக்கிக்கிச்சு" என்பது உற்றது உரைத்தல், "அவ்வளவு தூரம் வந்தா முதுகு வலிக்கும்" என்பது உறுவது கூறல். "மைசூர்னா வர்றேன்" என்பது இனமொழி விடை. மீதி இருக்கும் சுட்டு விடை, வழி கேட்டால் "அதோ" என்று கை காட்டுவது. கால் சுளுக்கியதற்கும் ஹோசூருக்கும் நேர்த் தொடர்பு சொல்லில் இல்லை. ஆனாலும் "வரவில்லை" என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அந்தப் புரிதலைத்தான் இலக்கணம் பெயர் வைத்துக் காட்டுகிறது.

"ஊட்டா ஆய்த்தா?" என்று பக்கத்து வீட்டம்மா தினமும் கேட்கிறார். எதற்கு?

சாப்பிட்டீர்களா என்ற தகவல் அவருக்கு வேண்டாம். "உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான் அந்தக் கேள்வி செய்யும் செயல். நம்முடைய "சாப்டாச்சா?"வும் அதே. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் இப்படி உறவு பேணும் பேச்சுக்கென்றே தனிப் பெயர் கொடுத்தார். "ஆய்த்து, நிம்து?" (ஆச்சு, உங்களுக்கு?) என்று திருப்பிக் கேளுங்கள். அது போதும்.

இரங்கல் கூட்டத்தில் என்ன பேசுவது?

ஒரு சின்ன விஷயத்தை, நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானபோது பதினாறாம் நாள் கூடியிருந்தோம். இரண்டு மூன்று பேர் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார்கள். பிறகு மாடியில் குடியிருக்கும் பையன் எழுந்தான். "தாத்தா ராத்திரி பதினோரு மணிக்கு எங்க கேட்டைத் தள்ளிப் பார்த்துட்டுத்தான் தூங்கப் போவார். கொண்டி விழற சத்தம் கேட்டாத்தான் எனக்கும் தூக்கம் வரும். இப்போ பத்து நாளா நான்தான் போய்ப் பூட்டுறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவருடைய மகள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். ஆறுதல் என்ற செயல் அந்தக் கொண்டிச் சத்தத்தில் நடந்தது.

கை நடுங்குகிறதே?

திருக்குறளில் அவையறிதலும் அவையஞ்சாமையும் அடுத்தடுத்த அதிகாரங்கள், 72-உம் 73-உம். அவையை அறிவது முதலில், அஞ்சாமை அதற்குப் பின். அதையே செய்யுங்கள். அரை மணி நேரம் முன்னால் போய் நாலு பேரிடம் பேசிவிடுங்கள். மேடையேறியதும் அந்த நாலு முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். சீட்டைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்துவிட்டால் நடுக்கம் வெளியே தெரியாது.

எவ்வளவு நேரம் பேசலாம்?

கொடுத்த நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவாக. 1863 நவம்பர் 19-இல் கெட்டிஸ்பர்க் கல்லறைத் தோட்டத்தில் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்துப் பேசிய லிங்கன் சுமார் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். நாம் படிப்பது லிங்கனை.

என் பிள்ளையைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்புகிறேன். இந்த வாரம் என்ன செய்யட்டும்?

நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் ஃபோனில் பதிவு செய்யுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டு, "வந்து", "அதாவது" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். எந்த இடத்தில் குரல் தானாக உயர்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். பேச்சு அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மறுபடியும் பதிவு செய்து, இரண்டு பதிவையும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். சேர்ந்து கேட்போம்.